நார்வே, ஸ்வீடன், டென்மார்க்கில் சாரம் கட்டும் வேலை: சித்தூர், திருப்பதி இளைஞர்கள் பணம் கட்டும் முன் அறிய வேண்டியவை

திருப்பதி: ஐரோப்பாவின் வடபகுதியில் உள்ள நார்வே, ஸ்வீடன், டென்மார்க் ஆகிய ஸ்காண்டிநேவிய நாடுகளில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கு, குறிப்பாக உயரத்தில் சாரம் கட்டுவோருக்கு நல்ல ஊதியம் கிடைக்கிறது. இது உண்மை. ஆனால் 'சாரம் கட்டும் விசா' என்ற பெயரில் தனி விசா எதையும் இந்த மூன்று நாடுகளும் வழங்குவதில்லை. வேலை அளிக்கும் நிறுவனம் முன்வராமல், தொழில்திறனுக்கான சான்று இல்லாமல், முகவரிடம் பணம் கட்டுவதால் மட்டும் அங்கு பணி அனுமதி பெற இயலாது.

வெளிநாட்டு வேலை என்பது ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களுக்குப் புதிதன்று. ராயலசீமைப் பகுதியிலிருந்து குவைத் உள்ளிட்ட வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் பல தலைமுறைகளாக உள்ளனர். கட்டுமானத் தளங்களில் சாரம் கட்டிப் பழகியவர்களும் அவர்களில் அடங்குவர். தெலுங்கில் 'பரஞ்சா' எனப்படும் இத்தொழிலைச் சவுக்குக் கம்பில் தொடங்கி, பின்னர் இரும்புக் குழாய்க்கு மாறியவர்கள் இவர்கள். வளைகுடாவை விட ஐரோப்பாவில் ஊதியம் அதிகம் என்பதால், இவர்களின் கவனம் இப்போது அங்கு திரும்புவது இயல்பே. ஆனால் வளைகுடாவுக்குச் செல்லும் வழிமுறை வேறு, ஸ்காண்டிநேவியாவுக்குச் செல்லும் வழிமுறை வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல் கடன் வாங்கிப் பணம் கட்டுவோரே ஏமாற்றத்துக்கு ஆளாகின்றனர்.

வளைகுடாவுக்கும் ஸ்காண்டிநேவியாவுக்கும் என்ன வேறுபாடு?

இந்தியாவின் குடியகல்வுச் சட்டம் 1983-இன் கீழ், பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெறாதோர் உள்ளிட்ட சில பிரிவினரின் பாஸ்போர்ட்டில் 'இசிஆர்' எனும் குடியகல்வுச் சோதனை முத்திரை இடம்பெறும். இந்தப் பாஸ்போர்ட்டுடன் குவைத், சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர், குடியகல்வுப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதியைப் பெற வேண்டும். அந்த நடைமுறையில் வேலை ஒப்பந்தமும் ஊதியமும் அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவாகின்றன. 10 லட்சம் ரூபாய் மதிப்பிலான பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கட்டாயமாகிறது.

நார்வே, ஸ்வீடன், டென்மார்க் ஆகியவை இந்த 18 நாடுகளின் பட்டியலில் இல்லை. ஆகவே அங்கு செல்வோரின் ஒப்பந்தத்தை, புறப்படும் முன் எந்த இந்திய அலுவலகமும் கட்டாயமாகச் சரிபார்ப்பதில்லை. போலி முகவர்கள் பயன்படுத்திக்கொள்வது இந்த இடைவெளியைத்தான். விமான நிலையத்தில் யாரும் தடுக்கவில்லை என்பதால் ஆவணங்கள் சரியானவை என்று பொருளாகாது.

அதே வேளையில், ஆள்சேர்ப்பு முகவருக்கான பதிவு விதி எல்லா நாடுகளுக்கும் பொதுவானது. உலகின் எந்த நாட்டு வேலைக்கு ஆள் சேர்த்தாலும், முகவர் வெளியுறவு அமைச்சகத்தின் குடியகல்வுத் தலைமைப் பாதுகாவலரிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஜிஎஸ்டி எண், நகராட்சி வணிக உரிமம், 'விசா ஆலோசனை மையம்' என்ற பெயர்ப்பலகை ஆகியவை இந்தப் பதிவுக்கு மாற்றாகா.

பதிவு பெற்ற முகவரும் தொழிலாளியிடமிருந்து சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும், அதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டியும், அதாவது மொத்தம் 35,400 ரூபாய் மட்டுமே பெறலாம். அதற்கு ரசீது தர வேண்டும். ஸ்வீடன், நார்வே நாடுகளின் சட்டங்களோ வேலை தேடுபவரிடம் வேலை வாங்கித் தருவதற்காகக் கட்டணம் பெறுவதையே தடை செய்கின்றன. எனவே 'அங்குள்ள நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டிய தொகை' என்று லட்சக்கணக்கில் கேட்கப்படும் பணத்துக்கு எந்தச் சட்ட அடிப்படையும் இல்லை.

ஆள் தேவை இருந்தும் வாய்ப்பு குறைவாக இருப்பது ஏன்?

நார்வேயின் கட்டுமானத் துறையிலும், கடலில் உள்ள எண்ணெய் எரிவாயு மேடைகளிலும் சாரம் கட்டுவோருக்குத் தேவை உண்டு. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் கட்டடப் பராமரிப்பு, தொழிற்சாலைப் பணிகளுக்கு இவர்கள் தேவைப்படுகின்றனர். எனினும் இந்த இடங்களைப் பெருமளவில் நிரப்புவோர் போலந்து, லித்துவேனியா, ருமேனியா போன்ற நாடுகளின் தொழிலாளர்கள். ஸ்வீடனும் டென்மார்க்கும் ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடுகள். நார்வே ஒன்றியத்தில் இல்லாவிடினும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் அங்கம் வகிக்கிறது. போலந்தும் லித்துவேனியாவும் 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தன. அந்நாட்டவர்கள் விசாவோ பணி அனுமதியோ இன்றி இந்த மூன்று நாடுகளிலும் வேலை செய்யலாம்.

ஆஸ்லோவில் உள்ள ஒரு நிறுவனம் வார்சாவிலிருந்து ஆளை வரவழைக்க ஒரு விமானச் சீட்டு போதும். சித்தூரிலிருந்து வரவழைக்க வேண்டுமானால் விண்ணப்பம், சான்று சரிபார்ப்பு, பல வாரக் காத்திருப்பு எனப் பல படிகள் உள்ளன. அந்தச் சிரமத்தை ஏற்கும் அளவுக்கு விண்ணப்பதாரரிடம் சிறப்புத் திறனோ நீண்ட அனுபவமோ இருந்தால் மட்டுமே நிறுவனம் முன்வரும். நேர்காணல் இல்லாமல், கைத்திறனைச் சோதிக்காமல், 'நூறு பேர் உடனடியாகத் தேவை' என்று வரும் விளம்பரத்தை இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும்.

மூன்று நாடுகள், மூன்று விதிகள்

*ஸ்வீடன்:* பணி அனுமதிக்கான விண்ணப்பத்தைத் தொடங்குவது வேலை அளிக்கும் நிறுவனமே. புதிய பணியிடத்தை ஐரோப்பிய ஒன்றியம் உள்ளிட்ட நாடுகளில் குறைந்தது 10 நாட்கள் விளம்பரப்படுத்தியிருக்க வேண்டும். 2023 நவம்பர் 1 முதல், அந்நாட்டின் இடைநிலை ஊதியத்தில் 80 விழுக்காடாவது தர வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2025 ஜூன் நிலவரப்படி இது மாதம் 29,680 குரோனா, அதாவது ஏறக்குறைய இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல். இத்துடன், ஊதியம் அத்தொழிலின் கூட்டு ஒப்பந்த அளவுக்கும் குறையக் கூடாது. பணி நிபந்தனைகள் குறித்துத் தொழிற்சங்கத்தின் கருத்தும் கேட்கப்படுகிறது.

*நார்வே:* 'திறன்பெற்ற தொழிலாளர்' என்ற பிரிவில் வசிப்பு அனுமதி வழங்கப்படுகிறது. மேல்நிலைக் கல்வி நிலையிலான தொழிற்கல்வி, பட்டப்படிப்பு, அல்லது நீண்ட அனுபவத்தால் பெற்ற சிறப்புத் தகுதி ஆகியவற்றுள் ஒன்று தேவை. இவற்றுள் மூன்றாவது வழியில் அனுமதி பெறுவது கடினம். வேலைக்கும் அந்தத் தகுதிக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். உதவியாளர் நிலையிலான வேலைக்கு இப்பிரிவில் அனுமதி கிடையாது. நார்வேயில் அனைத்துத் துறைகளுக்கும் பொதுவான குறைந்தபட்ச ஊதியம் இல்லை. ஆனால் கட்டுமானத் துறைக்கு மணிக்கு இவ்வளவு எனச் சட்டப்படி நிர்ணயம் உண்டு. ஆஸ்லோவிலும் சுற்றுப்பகுதிகளிலும் உள்ள கட்டுமானத் தளங்களில், ஆள் வழங்கும் நிறுவனங்கள் மூலம் தொழிலாளர்களை அமர்த்த 2023 ஏப்ரல் 1 முதல் தடை உள்ளது. எனவே 'ஆஸ்லோ மேன்பவர் நிறுவனத்தில் வேலை' என்ற வாக்குறுதி கூடுதல் எச்சரிக்கைக்குரியது.

*டென்மார்க்:* இரண்டு முக்கிய வழிகள் உள்ளன. ஒன்று, ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களைக் குறிக்கும் 'பாசிட்டிவ் லிஸ்ட்'. இது ஆண்டுதோறும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாட்களில் புதுப்பிக்கப்படுகிறது. விண்ணப்பிக்கும் நாளில் அத்தொழில் பட்டியலில் இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். மற்றொன்று ஊதிய வரம்புத் திட்டம். 2025-இல் இதற்கான ஆண்டு ஊதிய வரம்பு 5,14,000 குரோனர். இந்தியா உள்ளிட்ட சில நாடுகளின் தொழிலாளர்களுக்கு, கூட்டு ஒப்பந்தம் உள்ள நிறுவனங்களில் இந்த வரம்பை 3,00,000 குரோனராகக் குறைப்பதற்கு டென்மார்க் அரசும் தொழில் அமைப்புகளும் 2025-இல் உடன்பாடு கண்டன.

இந்த வரம்புகள் ஆண்டுதோறும் மாறுபவை. ஆகவே முகவர் காட்டும் அச்சுத்தாளை நம்பாமல் ஸ்வீடனின் மிக்ரேஷன்ஸ்வெர்கெட், நார்வேயின் யுடிஐ, டென்மார்க்கின் 'நியூ டு டென்மார்க்' ஆகிய அரசு இணையதளங்களில் அன்றைய விதியைப் பார்ப்பதே சரியான வழி. மூன்று தளங்களிலும் ஆங்கிலப் பக்கங்கள் உள்ளன.

சாரத்தில் ஏறுவதற்கும் சான்று தேவை

ஸ்காண்டிநேவிய நாடுகளில் சாரம் கட்டுதல் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட பணியாகும். ஸ்வீடனிலும் நார்வேயிலும் 2 மீட்டருக்கு மேல் உயரமுள்ள சாரத்தைக் கட்டுவோருக்கும் பிரிப்போருக்கும் பயிற்சி கட்டாயம். 9 மீட்டரைத் தாண்டினால் கூடுதல் பயிற்சி வேண்டும். டென்மார்க்கில் 3 மீட்டருக்கு மேல் சிறப்புப் பயிற்சி கட்டாயம். கட்டுமானத் தளத்துக்குள் நுழைய நார்வேயில் 'எச்எம்எஸ்' அட்டை தேவை. ஸ்வீடனில் பெரும்பாலான தளங்களில் 'ஐடி06' அட்டை கேட்கப்படுகிறது. இரண்டும் பணியாளர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டும் அட்டைகள். போலி ஆவணத்துடன் சென்றவர் இந்த வாசலிலேயே பிடிபடுவார்.

இந்தியத் தளங்களில் கப்லாக் முறையும், குழாயையும் கிளாம்பையும் கொண்டு கட்டும் முறையும் பரவலாக உள்ளன. ஸ்காண்டிநேவியாவில் ஸ்வீடனின் ஹாக்கி, ஜெர்மனியின் லையர் போன்ற நிறுவனங்களின் முன்தயாரிப்புச் சார அமைப்புகள் அதிகம். இவற்றில் பழக்கம் உள்ளவர்களுக்கு நேர்காணலில் முன்னுரிமை கிடைக்கக்கூடும். இந்தியாவில் கட்டுமானத் திறன் மேம்பாட்டு கவுன்சிலின் கீழ் சாரம் கட்டுவோருக்கான சான்றிதழ்ப் பயிற்சிகள் உள்ளன. வளைகுடாவில் பணியாற்றியோர் பலரிடம் பிரிட்டனின் சிஐஎஸ்ஆர்எஸ் அமைப்பு வெளிநாட்டுப் பணியாளர்களுக்கு வழங்கும் அட்டை இருக்கும். இவை அனுபவத்துக்கு வலுவான சான்றுகள். ஆனால் அந்தந்த நாட்டுப் பயிற்சிக்கு இவை தாமாகவே ஈடாகிவிடுவதில்லை.

பணிச்சூழலும் வேறு. குளிர்காலத்தில் வட நார்வேயில் பல வாரங்கள் சூரியன் உதிப்பதே இல்லை. பனி படிந்த பலகையிலும் பலத்த காற்றிலும் ஏற வேண்டியிருக்கும். அதே சமயம், பாதுகாப்பற்ற நிலையில் பணியை நிறுத்தும் உரிமையும் சங்கத்தில் சேரும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு. ஸ்வீடனில் வாரப் பணி நேரம் வழக்கமாக 40 மணி. நார்வேயில் கூட்டு ஒப்பந்தப்படி 37.5 மணி, டென்மார்க்கில் 37 மணி. வளைகுடாவில் போலத் தங்குமிடமும் உணவும் நிறுவனத்தின் பொறுப்பு என்று கருதிவிடக் கூடாது. வாடகை, உணவு, வருமான வரி ஆகியவற்றைக் கழித்த பின்னரே சேமிப்பைக் கணக்கிட வேண்டும்.

மோசடி எந்த வடிவங்களில் வரும்?

*சுற்றுலா விசா:* ஷெங்கன் குறுகிய கால விசா, 180 நாட்களில் 90 நாட்கள் தங்குவதற்கானது. அதில் வேலை செய்ய அனுமதி இல்லை. 'அங்கு போய் மாற்றிக்கொள்ளலாம்' என்ற பேச்சை நம்பிச் செல்வோர் வெளியேற்றப்படுவதுடன், ஷெங்கன் நாடுகளுக்குள் மீண்டும் நுழையப் பல ஆண்டுகள் தடைக்கும் ஆளாகலாம்.

*வேறு நாட்டு அனுமதி:* போலந்து அல்லது லித்துவேனியா பணி அனுமதியைப் பெற்றுத் தந்து, 'அங்கிருந்து ஸ்வீடனுக்கு மாறிவிடலாம்' என்று கூறுவது. ஒரு நாட்டின் அனுமதி மற்றொரு நாட்டில் வேலை தேடிச் சேரும் உரிமையைத் தராது. ஒரு நிறுவனம் தன் பணியாளரைத் தற்காலிகமாக வேறு நாட்டுக்கு அனுப்ப வழி உண்டு. அதற்கும் தனி நிபந்தனைகளும் பதிவும் உள்ளன.

*உண்மை நிறுவனத்தின் பெயரில் போலிக் கடிதம்:* இதைக் கண்டறிவது எளிது. நார்வேயில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 9 இலக்கப் பதிவு எண் உண்டு. ஸ்வீடனில் 10 இலக்கம், டென்மார்க்கில் 8 இலக்கம். அந்நாட்டு அரசுப் பதிவேடுகளில் இந்த எண்ணை இணையத்தில் தேடலாம். நிறுவனத்தைத் தொடர்புகொள்ள, கடிதத்தில் உள்ள தொலைபேசி எண்ணைப் பயன்படுத்தாமல், நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள முகவரிக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

வெளிநாட்டு வேலை என்ற பெயரிலான ஆள்கடத்தலை ஆந்திரம் அண்மையில் கண்டுள்ளது. கணினிப் பதிவு வேலை என்று கூறி கம்போடியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர்கள், அங்கு இணையவழி மோசடிகளில் ஈடுபடக் கட்டாயப்படுத்தப்பட்டனர். இது தொடர்பாக 2024 மே மாதம் விசாகப்பட்டினம் காவல்துறை முகவர்களைக் கைது செய்தது.

கடன் கணக்கு

ஆறு லட்சம் ரூபாயை நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டிக்கு வாங்கினால், மாத வட்டி மட்டும் 12,000 ரூபாய். ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். விசா வராமல் ஓராண்டு காத்திருந்தாலே, அரசு அனுமதித்த முகவர் கட்டணத்தைப் போல் நான்கு மடங்கு வட்டியாகப் போய்விடும். அசல் அப்படியே நிற்கும். நிலத்தையோ நகையையோ அடமானம் வைத்துப் பணம் திரட்டும் குடும்பத்தில் ஏமாற்றத்தின் சுமை செல்ல இருந்தவருடன் நிற்பதில்லை. பெற்றோரும் மனைவி மக்களும் அதைச் சுமக்கின்றனர்.

சட்டத்தின் தண்டனையோ இதற்கு ஈடானதாக இல்லை. பதிவின்றி ஆள் சேர்ப்போருக்குக் குடியகல்வுச் சட்டம் 1983-இன் 24-ஆவது பிரிவின் கீழ் இரண்டு ஆண்டுகள் வரை சிறையும், 2,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பணம் பறித்தது உறுதியானால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவின் கீழ் ஏமாற்றுக் குற்றமாகவும் வழக்கு பதிவு செய்யலாம். அதில் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. பழைய சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டத்துக்கான வரைவை வெளியுறவு அமைச்சகம் 2025 அக்டோபரில் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது.

முறையாகத் தேடுவது எப்படி?

முதலில் வேலையைத் தேட வேண்டும், விசாவை அன்று. ஸ்வீடனில் அரசு வேலைவாய்ப்புத் துறையின் 'ப்ளாட்ஸ்பாங்கென்', நார்வேயில் 'ஆர்பெய்ட்ஸ்ப்ளாஸென்', டென்மார்க்கில் 'வொர்க் இன் டென்மார்க்' ஆகிய தளங்களில் காலியிடங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். சாரம் கட்டுபவரை ஸ்வீடிஷ் மொழியில் 'ஸ்டெல்னிங்ஸ்பிக்கரே' என்றும், நார்வேஜிய மொழியில் 'ஸ்டிலாஸ்பிக்கர்' என்றும், டேனிஷ் மொழியில் 'ஸ்டிலாஸ்மொன்டோர்' என்றும் அழைக்கின்றனர். ஆங்கிலச் சொல்லைக் கொண்டு தேடுவதை விட, இச்சொற்களை மொழிபெயர்ப்புச் செயலியில் எடுத்து உள்ளிட்டுத் தேடினால் உண்மையான விளம்பரங்கள் கிடைக்கும்.

விண்ணப்பிக்கும் முன் கீழ்க்காணும் ஆவணங்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும்:

* செல்லத்தக்க பாஸ்போர்ட். திருப்பதியில் பாஸ்போர்ட் சேவை மையம் உள்ளது.
* முந்தைய நிறுவனங்களின் அனுபவச் சான்றுகள். எத்தனை ஆண்டுகள், எவ்வகைச் சாரம், எவ்வளவு உயரம் என்பவை அதில் இருப்பது நன்று.
* ஐடிஐ அல்லது திறன் பயிற்சிச் சான்றிதழ். தேவைப்படின் மாநில அரசின் சான்றொப்பத்துக்குப் பின் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை பெறலாம். மூன்று நாடுகளும் இதை ஏற்கின்றன.
* காவல்துறை நன்னடத்தைச் சான்று, கேட்கப்பட்டால்.
* கட்டுமானத் தளத்தில் பேசிப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஆங்கிலம்.

முகவர் வழியாகச் செல்வதாக இருந்தால், அவரது பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்த்து, பதிவு நடப்பில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். கட்டணத்தை வங்கி வழியாக மட்டுமே செலுத்தி ரசீது பெற வேண்டும். பாஸ்போர்ட்டின் அசலை யாரிடமும் ஒப்படைத்துவிட்டு வரக் கூடாது. ஆந்திர அரசின் ஆள்சேர்ப்பு நிறுவனமான 'ஓம்கேப்', தமிழகத்தில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஆகியவையும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கின்றன.

ஒப்பந்தத்தில் ஊதியம், பணி நேரம், பணியிடம், காப்பீடு, தங்குமிடச் செலவு யாருடையது என்பன எழுத்தில் இருக்க வேண்டும். விசா வந்த பின் அதில் உள்ள நிறுவனத்தின் பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் ஒன்றாக உள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

உதவிக்கு யாரை அணுகலாம்?

வெளியுறவு அமைச்சகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா மையத்தைக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 11 3090-இல் தொடர்புகொண்டு, முகவர் குறித்த ஐயங்களைக் கேட்கலாம். இம்மையத்தின் மண்டலக் கிளைகள் ஹைதராபாத்திலும் சென்னையிலும் உள்ளன. ஆந்திர அரசின் வெளிநாடுவாழ் தெலுங்கர் சங்கமான ஏபிஎன்ஆர்டி, 0863-2340678 என்ற எண்ணில் உதவி வழங்குகிறது. மாநிலத்திலிருந்து வெளிநாடு சென்றோர் அனைவரும் இதை அணுகலாம்.

பணம் இழந்தோர் உடனடியாக அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் அளிக்க வேண்டும். இணையவழியில் பணம் செலுத்தியிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு விரைந்து தெரிவிப்பது தொகையை முடக்க உதவும். சித்தூர், திருப்பதி மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலும் காவல் கண்காணிப்பாளர் அலுவலகங்களிலும் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் குறைதீர்ப்பு முகாமிலும் மனு அளிக்கலாம். வெளிநாட்டில் சிக்கலில் உள்ளோர் ஆஸ்லோ, ஸ்டாக்ஹோம், கோபன்ஹேகன் நகரங்களில் உள்ள இந்தியத் தூதரகங்களையும், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தையும் நாடலாம்.

விளம்பரம், முகவரின் அட்டை, வங்கிப் பரிமாற்ற விவரம், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருப்பது அவசியம். புகார் வழக்காக மாறுவதற்கு இவையே அடிப்படைச் சான்றுகள்.